லோசாலினேயின் அடக்கமும் வரவேற்பு மேன்மைத் துறையும்

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் மதாஃபாங்காவில் ஆஸ்பத்திரி ஒற்றைத் தளம். வரவேற்பு மேன்மைத் துறைக்கு மூன்று மாடி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நோயாளிகளால் படி ஏற முடியாது, விருந்தாளிகளால் முடியும் என்று அந்தத் துறையின் இயக்குநர் ஹவேயா வானொலியிலேயே விளக்கியிருக்கிறார். அவர் விளக்கிய பிறகு எங்கள் தலைநகரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில்தான் லோசாலினே இறந்துபோனாள். நுகுலெய் தீவுக்காரி. பவளப் பாறையில் நடக்கும்போது காலில் ஏதோ கீறியது. சர்க்கரை உடம்பு. கீறல் புண்ணாகி, புண் கறுத்து, கறுப்பு முழங்காலுக்கு ஏறிய பிறகு மகள் தைனா அவளைக் கப்பலில் போட்டுத் தலைநகருக்குக் கொண்டுவந்தாள். மருந்து அடுத்த விமானத்தில் வருகிறது என்றார்கள். அடுத்த விமானத்தில் வரவேற்பு வளைவுக்கான வண்ண விளக்குகள் வந்தன. மருந்துப் பெட்டிக்கு இடம் போதவில்லையாம்.

செய்தி வானொலி வழியாக நுகுலெய்க்குப் போயிற்று. உடலை எடுத்துவரத் தம்பி லிசியாதே கிளம்பினான். கிழங்குத் தோட்டமும் பன்றிகளும் வைத்திருக்கும் ஆள். தலைநகர்ப் பக்கம் வந்தே பல வருஷமாயிற்று. புறப்படுமுன் செய்ய வேண்டியதை எல்லாம் முறையாகச் செய்தான். தலையை மழித்தான். கறுப்புச் சட்டை போட்டான். இடுப்பில் கிழிந்த பாயைச் சுற்றிக் கயிற்றால் கட்டினான். எங்களில் அக்காள் தம்பிக்கு மேல். அவள் செத்தால் தம்பி தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். பாய் எவ்வளவு பெரிதோ, எவ்வளவு கந்தலோ, அவ்வளவு மரியாதை. லிசியாதே கட்டியிருந்தது மார்பிலிருந்து கணுக்கால் வரை தொங்கியது. அதில் ஒரு முறை நாய் குட்டி போட்டிருந்தது. அக்காளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இந்தத் தீவில் எவனும் செய்ததில்லை என்று அவன் மனைவி மெச்சி அனுப்பினாள்.

கப்பல்துறையில் இறங்கியதும் சீருடை போட்ட இரண்டு பேர் அவனை மறித்தார்கள். சட்டைப் பையில் துறையின் சின்னம்: விரித்த இரண்டு கைகள்.

"யோவ், நில்லுய்யா. என்ன கோலம் இது?"

"துக்கம்ங்க. அக்கா தவறிட்டாங்க."

"அது தெரியுது. பாய் கிழிஞ்சிருக்கே?"

"கிழிஞ்சுதாங்க இருக்கணும்."

"எனக்குச் சொல்றியா? எங்க பெரியம்மா போனப்ப நான் இதவிடக் கந்தலாக் கட்டினேன். ஆனா அது யாரும் வராத வாரம். இந்த வாரம் நிதியத்துத் தலைவி வராங்க. கடல் கரையை விழுங்குதுல்ல, அதுக்குக் குடுக்கிற நிதியம். ஊரே பளபளன்னு இருக்கணும்னு உத்தரவு. கழட்டு."

லிசியாதே கழற்ற மாட்டேன் என்றான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கயிற்று முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்களும் மனிதர்கள்தாம், ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வளைவுக்குக் கட்டியது போக மிச்சமிருந்த துணியை எடுத்து வந்து அவன் பாயின் மேல் சுற்றி, முதுகுப் பக்கம் முடிந்துவிட்டார்கள். நல்ல மஞ்சள் துணி. வயிற்றுக்கு நேராகப் பெரிய சிவப்பு எழுத்தில் 'வருக வருக' என்று இருந்தது. அந்தக் கோலத்தில் லிசியாதே தன் அக்காளின் பிணத்தைக் கேட்டு ஊருக்குள் நடந்தான். எதிரே வந்தவர்கள் அவனுக்குக் கைகாட்டிச் சிரித்தார்கள். அதுவும் உத்தரவுதான்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் தைனா உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது, வாய்த்துடுக்கு. மாமனைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தவள், துணியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மாமா, உங்களையும் பிடிச்சிட்டாங்களா?"

"அதை விடு. அக்கா எங்க?"

"அம்மா இங்க இல்ல மாமா. மீன் கம்பெனிக்கு மாத்திட்டாங்க."

"மீன் கம்பெனிக்கா? எதுக்கு?"

"அங்கதான் ஐஸ் இருக்கு. இங்க பொண அறையில பூ வெச்சிருக்காங்க."

லிசியாதேக்கு விளங்கவில்லை. பிண அறைக் கதவைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தான். குளிர் முகத்தில் அடித்தது. உடல் கிடத்தும் பலகைகளின் மேல் மாலைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் யாருக்கு யார் போடுவது என்று சீட்டுக் கட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் பதறிக்கொண்டு வந்தாள்.

"கதவைச் சாத்துங்க! வாடிடும்! தலைவி எப்ப வருவாங்கன்னே தெரியல, இதுக்குள்ள ரெண்டு தடவை புதுசாக் கட்டியாச்சு."

"எங்க அக்காவை..."

"உங்க அக்கா வாடமாட்டாங்க. தள்ளுங்க."

மீன் கம்பெனி ஊரின் மறுகோடியில், காயல் பக்கம். அங்கே ஐஸ் அறையைப் பார்த்துக்கொள்பவன் கிட்டியோனே, லிசியாதேயின் சித்தப்பா மகன். சொந்தமாக ஒரு மீன்பிடிப் படகும் உண்டு. அண்ணனைக் கண்டதும் அவனும் தலையைக் குனிந்துகொண்டான். இறந்தவள் அவனுக்கும் அக்காள் முறை. தம்பிகள் அக்காளின் உடலைப் பார்ப்பதும் தொடுவதும் எங்களில் கிடையாது. அதனால் உள்ளே நடக்க வேண்டியதை எல்லாம் தைனாதான் செய்தாள். இரண்டு ஆண்களும் ஐஸ் அறைக்கு வெளியே, கசியும் தண்ணீரில் கால் நனைய, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

"நல்லா வெச்சிருக்கேன் அண்ணே. சூரை மீனை எல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கச் சொல்லிட்டேன். புதுப் பாயும் வெள்ளைத் துணியும் தைனாகிட்ட குடுத்தேன். ஒரு குறையும் இல்ல."

"புண்ணியமாப் போகும் தம்பி. நாளைக்குக் கப்பல்ல ஏத்திடலாம். ஊர்ல குழி வெட்டி வெச்சிருக்காங்க."

கிட்டியோனே காதைச் சொறிந்தான். "கப்பல்துறைக்குப் போற ரோடு ஒண்ணுதான். அதுல வளைவு கட்டிட்டாங்க. வளைவுக்குக் கீழ பொணப் பெட்டி போகக் கூடாதாம்."

"உன் படகுல?"

"சின்னப் படகை எல்லாம் கரையேத்தி ஓலை போட்டு மூடச் சொல்லிட்டாங்க. மீன் நாத்தம் விருந்தாளிக்கு ஆகாதாம். நான் பத்து நாளா மீன் பிடிக்கல அண்ணே. மீன் கம்பெனியில வேலை பாக்குறேன்."

ஆக, துறையின் அனுமதி வேண்டும். மறுநாள் காலையில் லிசியாதே மூன்று மாடிக் கட்டடத்துக்குப் போனான்.

அங்கே முற்றத்தில் ஒரே கூட்டம். வாத்தியக் குழு ஊதிக்கொண்டிருந்தது. எண்ணெய் பூசிய பெண்கள் ஆடினார்கள். பன்றி வெந்த வாசனை. ஒரு கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு, பூ வைத்த அகலத் தொப்பியும் கையுறையுமாக ஒரு நெட்டை உருவம் இறங்கியது. மாலைகள் விழுந்தன. லிசியாதேக்கு ஒன்றே ஒன்று தோன்றியது: நிதியத்துத் தலைவி வந்துவிட்டாள், இவளிடமே சொல்லிவிடலாம். கூட்டத்துக்குள் குனிந்தபடியே நுழைந்து, அந்த உருவத்தின் காலடியில் உட்கார்ந்தான்.

"அம்மா, எங்க அக்காவை மீனுக்கு நடுவுல போட்டிருக்காங்க. வீட்டுக்குக் கொண்டு போக விடச் சொல்லுங்கம்மா."

வாத்தியம் நின்றது. தொப்பி மெல்லக் குனிந்தது. கையுறைக் கை அவன் கையைப் பிடித்தது.

"உங்கள் வேதனை எங்கள் வேதனை. இதை நான் தலைமையகத்துக்குக் கொண்டுசெல்வேன்" என்றது ஓர் ஆண்குரல்.

பிறகு மேடையிலிருந்து ஒருவர் துள்ளி எழுந்து கைதட்டினார். "அருமை! அருமை சிதலேகி! இதையும் நிகழ்ச்சியில சேத்துக்கோங்க. வருகை முடிஞ்ச உடனே, மாலைக்கு அப்புறம், பன்றிக்கு முன்னாடி, ஒரு ஏழை!" அவர்தான் ஹவேயா.

கையுறைக்காரன் லிசியாதேயின் காதருகே வாயைக் கொண்டுவந்தான். "அண்ணே, நான் இங்க க்ளார்க்கு. ஒத்திகைக்கு நான்தான் தலைவி. மன்னிச்சுக்கோங்க. தொப்பி தலையில இருக்கும்போது நானா எதுவும் பேசக் கூடாது."

பிற்பகல் ஒத்திகையில் அந்த இடத்தில் ஒருவரை ஏழையாக நடிக்க வைத்தார்கள். அவரும் துறையின் எழுத்தர்தான். அவருக்குக் கிழியாத பாய் கொடுத்தார்கள்.

ஹவேயா லிசியாதேயைத் தன் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். கெட்டவர் இல்லை. குரலில் கனிவு இருந்தது. தேங்காய்த் தண்ணீர் வரவழைத்தார்.

"உங்க துக்கத்துல இந்தத் துறையும் பங்கெடுத்துக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க. இந்த நாட்டுல தானா எதுவும் நடக்கிறதில்ல. ரோட்டுக் குழியை எப்ப மூடினோம்? யாரோ வந்தப்ப. ஆஸ்பத்திரிக்கு எப்ப வெள்ளையடிச்சோம்? யாரோ வந்தப்ப. பள்ளிக்கூடத்துக்குக் கூரை? அதுவும் வந்தப்பதான், அதுவும் ரோட்டைப் பாத்த பக்கம் மட்டும். அப்ப நாடு எதுல ஓடுது? வருகையில ஓடுது. உங்க அக்கா என்ன பண்ணாங்க? புறப்பட்டுட்டாங்க. புறப்பாட்டுக்கு எங்ககிட்ட பிரிவே கிடையாதுங்க."

"ஐயா, வளைவுக்குக் கீழ ஒரே ஒரு தடவை, விடியறதுக்கு முன்னாடி..."

"வளைவு வளைவுதான். அதுக்கு நேரம் காலம் கிடையாது. செத்தவங்க மேல எனக்கு மரியாதை இல்லன்னு நினைக்காதீங்க. எங்க அப்பா செத்தப்ப நானும் அழுதவன்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்க அக்கா இனி எதையும் பாக்கப் போறதில்ல. விருந்தாளி எல்லாத்தையும் பாப்பாங்க. பாக்கறவங்களுக்குத்தானே நாம செய்ய முடியும்?"

லிசியாதே தேங்காய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. துக்கத்தில் இருப்பவன் பெரியவர்கள் முன்னால் குடிக்கக் கூடாது. அது ஹவேயாவுக்கும் தெரியும். அவர் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக் குடித்தார்.

கப்பல் அன்று மாலை லோசாலினே இல்லாமல் போனது. அடுத்த கப்பல் அடுத்த வாரம். விருந்தாளி வரவில்லை. புயல் என்றார்கள், அவளுக்கு வேறெங்கோ ஒரு மாநாடு என்றார்கள். ஒத்திகை மட்டும் நாள் தவறாமல் நடந்தது. தலைவியாக நடித்த சிதலேகிக்கு மரியாதை பழகிவிட்டது. மாலை போடாவிட்டால் காரிலிருந்து இறங்குவதில்லை என்று பேச்சு அடிபட்டது. ஆடும் பெண்களில் ஒருத்தி வெயிலில் மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய விதம் அழகாக இருந்ததால் மறுநாள் அதையும் ஒத்திகை பார்த்தார்கள்.

விருந்து பானங்களுக்கு ஐஸ் வேண்டும் என்று துறை வண்டி மீன் கம்பெனிக்கு வரத் தொடங்கியது. முதலில் மீனிடமிருந்து எடுத்தார்கள். பிறகு லோசாலினேயைச் சுற்றி அடுக்கிய கட்டிகளும் குறைந்தன. கிட்டியோனே கதவில் பூட்டுப் போட்டான், பூட்டை உடைத்தார்கள். ஒரு மதியம் தைனா உள்ளேயிருந்து வெளியே வந்து, சுவரோரமாக வாந்தி எடுத்தாள். இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்க்கவில்லை. வாசனை அவர்களுக்கும் வந்துவிட்டது.

"மாமா" என்றாள் தைனா, வாயைத் துடைத்துக்கொண்டு. "இங்கேயே எங்கயாவது புதைச்சிடலாமா?"

எங்களில் அக்காள் பிள்ளை கேட்டால் மாமன் மறுக்க முடியாது. பன்றியைக் கேட்டாலும் படகைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டியதுதான். லிசியாதே முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நீ சொன்னா சரி, தாயி. ஆனா எங்க அம்மா, அப்பா, உன் அப்பன், எல்லாரும் அங்க கிடக்காங்க. இவ மட்டும் இந்த ஊர்ல என்ன பண்ணுவா? இங்க அவளுக்கு யாரையும் தெரியாதே."

அதைச் சொன்னபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அது வரை வரவில்லை.

அந்த நேரத்தில்தான் நிதியத்திடமிருந்து தகவல் வந்தது. தலைவி நிச்சயமாக வருகிறாள். ஆனால் நடனம் வேண்டாம், பன்றி வேண்டாம். போன தடவை இன்னொரு நாட்டில் நடனத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று நிதியத்துக்காரர்கள் சந்தேகப்பட்டுவிட்டார்களாம். இந்தத் தடவை இழப்பைக் காண விரும்புகிறாள்.

மூன்று மாடியிலும் ஒரே ஓட்டம். விளக்குகளை அவிழ்த்தார்கள். புதிதாக மூடிய குழிகளைத் தோண்டினார்கள். கடற்கரைச் சாலையில் இரண்டு தென்னைகளை வேரோடு சாய்த்து அலை சாய்த்ததுபோல் போட்டார்கள். ஹவேயாவே மீன் கம்பெனிக்கு வந்தார், மூக்கைப் பொத்தியபடி. விருந்து ரத்தானதால் மிஞ்சிய பன்றி ஒன்றும் துக்கக்காரர்களுக்குக் கொடுக்க வண்டியில் கூட வந்தது.

"லிசியாதே அண்ணே! உங்களைத்தான் தேடி வந்தேன். உங்க துக்கம் இப்ப நாட்டுக்குத் தேவைப்படுது."

லிசியாதே அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரோட்டுல, வளைவுக்கு நேர் கீழ, முழு மரியாதையோட அடக்கச் சடங்கு. பெட்டி துறை குடுக்கும். இந்தப் பாயையே கட்டிக்கோங்க. நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் கிழிக்க முடியுமான்னு பாக்கலாம். ஒரே ஒரு சின்ன விஷயம். அக்காவை அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு."

"அக்காவுக்குக் கால்ல புண்ணுங்க."

"கால் எங்க இருந்துச்சு? கடல்லதானே? அப்புறமென்ன?"

தைனா குறுக்கிட்டாள். "சடங்கு முடிஞ்சா உங்க விசைப்படகுல அம்மாவை ஊருக்குக் கொண்டுபோய் விடணும். சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா. விருந்தாளி கிளம்பின அடுத்த நிமிஷம்."

அப்படித்தான் லோசாலினே வளைவுக்குக் கீழே வந்து சேர்ந்தாள். பெட்டியின் மேல் துறையின் கொடி. ஆடிய பெண்களே எண்ணெயைக் கழுவிவிட்டு, கறுப்புக் கட்டி, அழுதார்கள். அழுகைக்கும் நடனத்துக்கும் ஒரே ஆசிரியர். முறைப்படி சடங்கில் லிசியாதேயின் இடம் அடுப்படி. தம்பிமார் தலைகாட்டாமல் பின்னால் சமைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவனை முன்னால், படம் எடுக்க வசதியாக, பெட்டிக்கு ஓரடி தள்ளி உட்கார வைத்தார்கள். அக்காளின் உடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அவன் பிறந்ததிலிருந்து உட்கார்ந்ததில்லை. கூச்சத்தில் அவன் உடம்பு நடுங்கியது. மிக உருக்கமாக இருக்கிறது என்று ஹவேயா பாராட்டினார்.

தலைமாட்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. குடும்பத்தில் இறந்தவளைவிட மேலான பெண் உட்கார வேண்டிய இடம் அது. நிதியத்துத் தலைவி வந்து அதில் உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? சிதலேகியைவிடக் குட்டையாக, களைத்துப்போன முகத்தோடு இருந்தாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டாள். கடல் அரித்த மண்ணின் வாடை என்று ஹவேயா விளக்கினார்.

பிறகு அவள் லிசியாதேயின் பக்கம் குனிந்து, எப்படி நடந்தது என்று கேட்டாள். ஹவேயா மொழிபெயர்த்தார்.

லிசியாதே தரையைப் பார்த்தபடி பேசினான். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் இல்லை. "கால்ல புண்ணும்மா. மருந்து வரல. விளக்குதான் வந்துச்சு. அப்புறம் பொண அறையில பூவை வெச்சுட்டு, எங்க அக்காவைத் தூக்கி மீன்ல போட்டாங்க. அந்த ஐஸையும் எடுத்துட்டாங்க. அவ கெட்டுப்போயிட்டாம்மா. எனக்கு வேற எதுவும் வேணாம். வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."

ஹவேயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு நீளமாக, நெகிழ்ந்த குரலில் மொழிபெயர்த்தார். அலை, வீடு, அக்காள். கடைசியாக, இந்த நாட்டில் ஒரு நல்ல குளிர் அறை இல்லாததுதான் இவர் மனத்தை அறுக்கிறது என்று முடித்தார்.

தலைவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லாத கண்ணீர். லிசியாதேயின் தோளைத் தொட்டாள்; எழுந்து நின்று, இந்த எளிய மனிதரின் வேண்டுகோளை ஏற்று நிதியம் உடனடியாக ஒரு நவீனக் குளிர் அறை கட்டித் தரும் என்று அறிவித்தாள். எந்தத் துறையின் பொறுப்பில் கட்டுவது என்று கேட்டாள். ஹவேயா தயக்கத்தோடு தன் துறையின் பெயரைச் சொன்னார். அறை இப்போது, அதற்கென்றே புதிதாக எழுப்பிய நான்காவது மாடியில் இருக்கிறது. பூக்கள் ஒரு மாதம் வரை வாடுவதில்லை.

சடங்கு முடிந்தது. அழுத பெண்கள் பெட்டியைத் தாண்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். தைனா ஹவேயாவை வழிமறித்தாள்.

"படகு?"

"அம்மா, தலைவி பவளத்திட்டைப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க. ஒரு சுத்து சுத்திட்டு வந்த உடனே."

"சத்தியம் பண்ணீங்களே."

"விருந்தாளி கிளம்பின அடுத்த நிமிஷம்னுதான் சத்தியம் பண்ணேன். அவங்க கிளம்பவே இல்லையே."

தைனா திரும்பி வந்து, வளைவின் நிழலில் உட்கார்ந்திருந்த இரண்டு மாமன்களிடம் சொன்னாள்: "சின்ன மாமா, ஓலையை எடுங்க. படகை இறக்குங்க. மாமா, பெட்டியைத் தூக்குங்க. நான் சொல்றேன், தூக்குங்க. முறை கிறை எல்லாம் ஊர்ல போய்ப் பாத்துக்கலாம்."

அக்காள் மகள் சொல்லிவிட்டாள். லிசியாதே எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

விசைப்படகுக்காக அன்று துறைமுக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். தலைவி இன்னும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாத்தியக் குழு துறைமுக முனையில் காத்து நின்றது. துறையின் கொடி போட்ட படகு கடக்கும்போது வாசிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட உத்தரவு. கிட்டியோனேயின் மீன்பிடிப் படகு புகை கக்கிக்கொண்டு வந்தது. நடுவில் பெட்டி, பெட்டியின் மேல் துறையின் கொடி. குழுத் தலைவர் ஒரு கணம் யோசித்தார். உத்தரவில் எந்தப் படகு என்று இல்லை, கொடி என்றுதான் இருந்தது. கையை உயர்த்தினார். எக்காளங்கள் முழங்கின. போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

லிசியாதே பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தான்.

"குனிஞ்சே இருங்க மாமா" என்றாள் தைனா. "அம்மாவுக்குத்தான் வாசிக்கிறாங்க. இருக்கட்டும்."

நுகுலெய்யில் வெட்டி வைத்த குழியின் ஓரங்கள் மழையில் சரிந்திருந்தன. மறுபடி வெட்டினார்கள். பெட்டியைத் திறக்காமலே இறக்கினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காற்று அவர்களுக்குச் சொல்லிவிட்டது. துறையின் கொடியைத் தைனா அடுப்படியில் பாத்திரம் இறக்க எடுத்துக்கொண்டாள். லிசியாதே அடக்கம் முடியும் வரை அடுப்படியை விட்டு வரவில்லை. கிழங்கு உரித்தான், விறகு அடுக்கினான், பானை கழுவினான். அவன் இடத்தில் அவன் இருந்தான்.

துக்க காலம் முடிந்து அவன் பாயை அவிழ்த்து எரித்த பிறகு, ஒரு நாள் துறையின் விசைப்படகு வந்து நுகுலெய்க் கரையில் நின்றது. ஹவேயா இறங்கினார். கல்லறைக்குப் போய் வணங்கினார். வெள்ளைப் பவள மணல் பரப்பியிருந்ததை மெச்சினார். பிறகு லிசியாதேயின் வீட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்தார்.

"இன்னொரு நிதியம் வருது அண்ணே. இது பெரிய நிதியம். போன தடவை எடுத்த படத்தைப் பாத்திருக்காங்க. அந்தச் சடங்கையே நேர்ல பாக்கணுமாம்."

லிசியாதேக்குப் புரியவில்லை. "எந்தச் சடங்கு?"

"அக்காவோட அடக்கம். தோண்டச் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கும் முறை தெரியும். பெட்டி காலியா இருந்தாலும் பரவாயில்ல."

அக்காளைப் பற்றி அப்படி ஒரு பேச்சு லிசியாதேயின் காதில் விழுந்ததே போதும், முறைப்படி அவன் எழுந்து வெளியே போக வேண்டும், போனான். வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்த தைனா கையை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"எங்க அம்மா விஷயத்தை எங்க மாமாகிட்டக் கேக்கக் கூடாது. என்கிட்ட கேளுங்க."

"அதுவும் சரிதாம்மா. நீங்க சம்மதிச்சா..."

"சம்மதிக்கிறேன். ஆனா பெட்டி எதுக்குக் காலியாப் போகணும்? நீங்க படுத்துக்கோங்க."

வெளியே நின்ற கிட்டியோனே சிரித்துவிட்டான். ஹவேயா சிரிக்கவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு, அந்த யோசனையை முழுமையாகப் பரிசீலித்தார்.

"படுக்கலாம்" என்றார் கடைசியில், உண்மையான வருத்தத்தோடு. "எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா நான் படுத்துட்டா அவங்களை யாரு வரவேற்கறது?"

தைனா அலசிய மீனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் அவரோடு பேச யாரும் அந்த வீட்டில் இல்லை. ஹவேயா எழுந்தார். லிசியாதே தோட்டத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். விசைப்படகு தலைநகரின் பக்கம் திரும்பவில்லை. வடக்கே பக்கத்துத் தீவை நோக்கிப் போயிற்று. அங்கே ஒரு கிழவர் படுத்த படுக்கையாகக் கிடப்பதாகவும், பெரும்பாலும் வாரக் கடைசிக்குள் முடிந்துவிடும் என்றும் துறைக்குத் தகவல் வந்திருந்தது.